பொன்னாடைக்கு அடியில் ஒரு கோட்

அந்தோனிதாஸ் கோட்டின் பொத்தான்களைப் பூட்டமாட்டார். சனவரிக் குளிர் மூக்கைப் பிய்த்தெடுக்கும் சுவிஸ் நாட்டு ரெனான் ரயில் மேடையிலும் கோட் இரு பக்கமும் விரிந்தபடிதான் கிடக்கும். இருமிக்கொண்டு நிற்பார்.

"பூட்டினால் குறைஞ்சா போவியள்?" என்பார் மனைவி இமெல்டா.

"கவிதையில முற்றுப்புள்ளியே வைக்காதவனுக்குப் பொத்தான் என்னத்துக்கு?"

மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அங்கே வலைத்தொப்பியும் பிளாஸ்டிக் ஏப்ரனும். வெளியே வந்துவிட்டால் ஆள் நவீனக் கவிஞர். நூலகத்தில் ஐரோப்பிய நவீனக் கவிஞர்களின் தடித்த தொகுப்புகளாகப் பார்த்து இரவல் எடுப்பார். பிரெஞ்சுக் கவிதை அவருக்கு அரைகுறையாகத்தான் பிடிபடும். அதனாலென்ன, படங்கள் இருக்கின்றனவே!

"கவிதையை விடும். அந்தாளின்ர கழுத்துத் துண்டைப் பாரும்," என்று இமெல்டாவுக்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அந்தோனிதாஸுடைய தொப்பியின் சரிவும் வட்டக் கண்ணாடியும் அப்படி வந்தவைதான்.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் தொகுப்பு வந்தது. வெளியீட்டுக்கென்றே சாம்பல் நிறக் கம்பளிக் கோட் ஒன்று தைப்பித்தார். அந்தக் கோட்டோடு மேடையில் ஒரு படம். இனி எல்லாச் சஞ்சிகைக்கும் போக வேண்டியது அதுதான். பாவம், மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை. அழைப்பிதழில் தடித்த எழுத்தில் போட்டார்: "பொன்னாடைகளைத் தவிர்க்கவும்."

எங்கள் சனத்துக்கு இது போதாதா? "எவ்வளவு அடக்கமான மனுசன்!" என்று உருகிப்போய், வழக்கமாக வெறுங்கையோடு வருகிறவர்களும் ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். விழாத் தலைவர் பத்மநாதன் சிவப்பில் தொடங்கிவைத்தார். முதலாவதுக்கு அந்தோனிதாஸ் பல்லைக் கடித்தார். மூன்றாவதுக்குக் கும்பிட்டார். ஏழாவது கொஞ்சம் தாமதமானதும், அடுத்தவர் எங்கே என்று சபையைத் தேடினார். பதினொன்றாவதோடு கோட் கண்ணில் படவேயில்லை. சரிகைக் குவியலுக்கு மேலே கண்ணாடி மட்டும் மின்னியது. அந்தக் கோலத்தில்தான் படம் எடுத்தார்கள். கவிஞர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

கடைசியாக மேடையேறியவர் ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்த இளங்கவிஞர் யாதவி. அழைப்பிதழில் இருந்ததை அப்படியே நம்பியவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

"அண்ணை, நீங்கள் சொன்னபடி நான் பொன்னாடை ஒண்டும் கொண்டுவரேல்லை," என்று கையை நீட்டினார்.

"நீர்தான் பிள்ளை என்னை விளங்கிக்கொண்ட ஆள்," என்று அந்தோனிதாஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியபடியே, யாதவியின் தோளில் தொங்கிய பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.