கரண்ட் போனால் ஒரு கிரகம்

போன வாரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆயுசு முடிந்து, ‘கீ… கீ…’ என்று கத்த ஆரம்பித்தது. நான் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் என் இடது கை என்னைக் கேட்காமல் கிரானைட் மேடையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஊன்றி, அழுத்து அழுத்து என்று அழுத்துகிறது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்னட்டி, வெண்டைக்காய்க்குத் தாளம் போடுதியா?” என்றார்.

தாளம் இல்லை. அதற்குப் பெயர் கண்ட்ரோல் எஸ். செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துகிற சாவி. நான் கீபோர்டைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. விரலுக்கு அது இன்னும் தெரியவில்லை, பாவம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தீப்பெட்டி லேபிள் போடுகிற டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடி. கீழே மிளகாய் வத்தல் மண்டி. மூட்டையைப் பிரித்தால் போதும், மாடியில் எங்களுக்குத் தும்மல் வரிசை கட்டி வரும். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஊர்ப்பட்ட தீப்பெட்டி ஆபீஸ்காரர்களும் அவரிடம்தான் வருவார்கள். ஒருவருக்கு லேபிளில் ஆட்டுக்கிடா வேண்டும், கொம்பு இன்னும் வளைய வேண்டும். இன்னொருவருக்குத் தாமரை வேண்டும், ஆனால் ரோஜா நிறத்தில். எழுத்து அடிப்பது நான். படம் வரைவது மாரி.

மாரி இடைசெவல்காரி. தினமும் பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் மவுஸைப் பிடித்தாள் என்றால் கிடா கொம்பு கேட்ட மாதிரி வளையும். கோபமும் சீக்கிரம் வரும், சிரிப்பும் சீக்கிரம் வரும். எது முதலில் வரும் என்று சொல்லமுடியாது.

அப்போது கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதுதான் ஊரில் பெரிய பேச்சு. கோடையில் பகலில் பாதி நேரம் இருக்காது. எங்களிடம் ஒரு யு.பி.எஸ். இருந்தது. மேசைக்கு அடியில் கால் படுகிற இடத்தில் கிடக்கும். சூடான பிளாஸ்டிக் வாடை அடிக்கும். கரண்ட் போனால் ‘கீ… கீ…’ என்று கத்திக்கொண்டே கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தாங்கும். அந்த நேரத்துக்குள் வேலையைப் பத்திரப்படுத்தி அணைத்துவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. சொல்லிவிட்டு அவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். கரண்ட் வந்தால்தான் திரும்புவார்.

ஆக, கரண்ட் போனதற்கும் யு.பி.எஸ். மூச்சு நிற்பதற்கும் நடுவில் ஒரு துண்டு நேரம் இருந்தது பாருங்கள், அது யாருக்கும் சொந்தமில்லாதது. அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

புது டிஸ்ப்ளே கார்டு போட வந்த சர்வீஸ்காரர், படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டு, அழிக்க மறந்து போயிருந்தார். திரையில் ‘டெஸ்ட்’ என்று பெயர் போட்டு ஒரு ஓரமாக இருந்தது. ஒருநாள் மாரி அதைத் திறந்துவிட்டாள். எங்கேயோ ஒரு கிரகம். அதில் மண்ணுக்குள் ஒரு சுரங்கம். தலையில் கவசம் மாட்டிய சிப்பாய் ஒருவன் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் முகம் நமக்குத் தெரியாது. அவன் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம். முன்னால் துப்பாக்கி பிடித்த இரண்டு கை மட்டும் தெரியும். சுவரில் இருந்து பல கால் ஜந்துக்கள் பாய்ந்து வரும். எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகிற கப்பல் நிற்கிறது. இதுதான் கதை.

கிரகத்தைப் பார்த்ததும் மாரி, “ஏட்டி, இது நம்ம விளாத்திகுளம் ரோடுல்லா!” என்றாள். உண்மைதான். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும், நிறம் மட்டும் வேறே.

நான் கீபோர்டுக்காரி, அவள் மவுஸ்காரி. விளையாட்டிலும் அதையே பிரித்துக்கொண்டோம். சிப்பாயை அம்புக்குறிச் சாவிகளால் நடக்கவைப்பது நான், குறிபார்த்துச் சுடுவது அவள். கால் என்னுடையது, கை அவளுடையது. விளையாட்டைச் செய்தவர்கள் இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை ஓட்டுவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். “நட… நட… நில்லு. இங்கன திரும்பாத, அந்த வெடிப்புக்குள்ள இருக்கு” என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “பருத்தி எடுக்கப் போனவளுக்குத் தெரியாதா? வெடிப்புக்குள்ள கைய விடுததுக்கு முன்னால குச்சிய விடணும்” என்றாள். வெடிப்பைக் கண்டால் முதலில் உள்ளே ஒரு தோட்டாவை விடுவது அப்படித்தான் எங்கள் வழக்கமாயிற்று.

என் பெருமையையும் சொல்ல வேண்டும். கரண்டுக்குப் பயந்து பயந்து ரெண்டு வரி அடித்தால் கண்ட்ரோல் எஸ் அழுத்துகிற கை என்னுடையது. விளையாட்டிலும் விடாமல் அழுத்தினேன். அழுத்தும்போதெல்லாம் சிப்பாய் குனிந்து ஓரடி பின்னால் போனான். அந்த விளையாட்டில் கண்ட்ரோல் என்றால் குனி, எஸ் என்றால் பின்வாங்கு. அது எங்களுக்கு எங்கே தெரியும்? மாரிக்கு ஆத்திரம் வரும். “ஏன்ட்டி கும்பிட்டுக் கும்பிட்டுப் பின்னாலயே போற? இது என்ன கோயிலா?” நான் பத்திரப்படுத்துகிறேன் என்று விளக்குவேன். அவளும் தலையாட்டுவாள். யு.பி.எஸ். அணைந்துவிடும். மறுநாள் திறந்தால் சிப்பாய் பழையபடி முதல் குகையில் நிற்பான். கம்ப்யூட்டர் சரியில்லை என்று முடிவுகட்டினோம். பங்குனி முழுக்க அதே முதல் குகைதான். அந்தக் குகையில் எந்த மூலையில் எந்தப் பூரான் இருக்கிறது என்று இப்போதும் என்னால் சொல்லமுடியும்.

எஸ்கேப் சாவியைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும், அதில் ‘சேவ்’ இருக்கும் என்பது சித்திரையில்தான் தெரிந்தது. அதுவும் கீழே மூட்டையைப் பிரித்ததில் மாரி தும்மி, கை தவறி எஸ்கேப்பில் பட்டதால். எங்கள் லேபிள் வேலையில் எஸ்கேப் என்றால் போட்டதெல்லாம் போச்சு என்று அர்த்தம். அதனால் அந்தச் சாவி இருக்கிற பக்கமே நாங்கள் போவதில்லை. “இவ்வளவு நாளா கண்ணு முன்னாலயே இருந்திருக்கு, சனியன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது.

அதற்குப் பிறகு சிப்பாய் மளமளவென்று முன்னேறினான். அந்த நேரத்தில்தான் மாரிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு விளாத்திகுளம் பக்கம். மிளகாய்க் காடும் பருத்தியும் நிறைய. ஆவணியில் முகூர்த்தம். வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். மாரி திரையில் நின்ற சிப்பாயைக் காட்டி, “ஆவணிக்குள்ள இவன வீடு கொண்டு சேத்துரணும்ட்டி. பாதியில விட்டுட்டுப் போனா எனக்கு அங்கன சோறு எறங்காது” என்றாள், அவ்வளவுதான். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்தது. எங்களுக்கு எதிரி அந்தச் சுரங்கத்துக்குள் இல்லை, கயத்தாற்றில் இருந்தது. ஆடிக்காற்று அடித்தால் அங்கே காற்றாடிகள் எல்லாம் பேயாகச் சுற்றும். காற்றாடி சுற்றினால் கரண்ட் கிடைக்கும். ஊரே கும்பிட்டு வரவேற்ற காற்றை நாங்கள் இரண்டு பேர் மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம். கரண்ட் எப்போதாவது கொஞ்ச நேரம் போகும். யு.பி.எஸ். கத்துகிற கத்தலில் அவசர அவசரமாக ஒரு குகை தாண்டுவோம். ஆடி முடியப் போகிற சமயம் சிப்பாயைக் கடைசிக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். கதவுக்குப் பக்கத்தில் பெரிய ஜந்து ஒன்று மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து யு.பி.எஸ். வேகமாகக் கத்த, சேவ் போட்டு அணைத்தோம்.

மறுநாள் மாரிக்கு வேலையில் கடைசி நாள். அன்றைக்குக் காலையில் இருந்தே காற்று ஜன்னலைப் பிய்த்தது. தெருவில் புழுதி. மிளகாய் நெடி வேறு. கரண்ட் ஒரு சிமிட்டல்கூடச் சிமிட்டவில்லை. அண்ணாச்சி வேஷ்டியை மடித்துக்கட்டி எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். தீப்பெட்டிக் கட்டின் மேல் ஒட்டுகிற பண்டல் லேபிள், மயில் படம்; அதை முடித்து சி.டி.யில் போட்டு, அச்சடிக்கச் சாயங்காலம் சிவகாசி போகிற பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். “கரண்டு இப்படி இருந்தா நாம எங்கனயோ போயிரலாம்மா” என்று சந்தோஷமாகச் சொன்னார். சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை. பரோட்டா வாங்கிவரச் சொல்லி அங்கேயே சாப்பிட்டார்.

மூன்று மணி வாக்கில் எனக்குப் பொறுக்கவில்லை. மெயின் சுவிட்ச் மாடிப்படி அடியில் இருந்தது. அதை இறக்கிவிட்டு ஊரெல்லாம் கரண்ட் போயிற்று என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? மாரி காதில் சொன்னேன். அவள் மவுஸில் இருந்து கையை எடுக்காமல், “வேண்டாம்ட்டி. சி.டி. பாதியில நின்னுபோச்சுன்னா அண்ணாச்சி சிவகாசிக்காரன்ட்ட என்ன பதில் சொல்லுவாவ?” என்றாள். கொஞ்சம் கழித்து, “கேட்டு வாங்குன இருட்டுல விளையாடுனா நல்லாவும் இருக்காது” என்றாள். மயில் தோகையின் கடைசிக் கண்ணுக்கு நீலம் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து, “நீயே போடு” என்றாள். நான் கண்ட்ரோல் எஸ் அழுத்தினேன். மயில் பத்திரமாயிற்று. அண்ணாச்சி அவளுக்கு ஒரு சேலையும் பழமும் கொடுத்தார். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவள் படியிறங்கிப் போனாள். நான் ஜன்னலில் நின்று அழுதேன். மிளகாய் நெடி என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அடுத்த நாள் காற்று விழுந்துவிட்டது. மத்தியானம் டக்கென்று கரண்ட் போயிற்று. அண்ணாச்சி சட்டையை உதறிக்கொண்டு கிளம்பினார். நான் ‘டெஸ்ட்’டைத் திறந்தேன். சிப்பாய் கதவுக்கு முன்னால் நின்றான். நான் முன்னால் நடக்கவைத்தேன், பின்னால் நடக்கவைத்தேன். துப்பாக்கி பிடித்த அந்தக் கை சும்மா ஆடிக்கொண்டே வந்தது. மவுஸ் பக்கத்திலேயே இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. யு.பி.எஸ். கத்தி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தேன்.

சில வருஷம் கழித்து மாரியைக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் தூங்குகிற பிள்ளை, கையில் துணிக்கடைப் பை. அவள் என்னை நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

“கதவத் தெறந்தியாட்டி?”

“இல்ல. நீ இல்லாம யாரு சுடுவா?”

“அப்பம் அவன் இன்னும் அங்கனயேதான் நிக்கானா?”

“அங்கனயேதான்.”

 மாரி, “நிக்கட்டும். நான் வருவேன்னு நிக்கான்” என்று சிரித்தாள். அதற்குள் விளாத்திகுளம் பஸ் உறும ஆரம்பித்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரை அண்ணாச்சி எடைக்குப் போட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை. லேபிள் வேலையெல்லாம் எங்கேயோ போயிற்று. தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. என் மகன், “பேரு சொல்லும்மா, கடைசிக் கட்டம் யூடியூப்ல இருக்கும்” என்கிறான். பேர் தெரிந்தால்தானே? தொடக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். யு.பி.எஸ். நேரம் வீணாகுமே என்று என்டரைத் தட்டித் தள்ளிவிடுவோம். ஒருநாளும் படித்ததில்லை.

நேற்று புது பேட்டரி மாட்டிவிட்டார்கள். இனிமேல் கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் மின்விசிறிகூட நிற்காது, போனதே தெரியாது. விளாத்திகுளம் பக்கம் மாரிக்காவது அந்தத் துண்டு நேரம் மிஞ்சட்டும், அவள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.