இரண்டாவது மிட்டாய்

இன்று மலைமேல் உள்ள எங்கள் வேளாண் அலுவலகத்தில் விவசாயிகளுக்கு உளவியல் பயிற்சியாம். மலைக்குக் கீழேயிருந்து வந்த பயிற்சியாளர், ஊழியர்களான எங்களுக்கும் சேர்த்து ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார்.

"கால் மணி நேரம் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தருவேன். காத்திருக்கத் தெரிஞ்சவங்கதான் முன்னேறுவாங்கன்னு ஆய்வு சொல்லுது."

எங்கள் மலையிலேயே குண்டூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த மிளகு விவசாயி பாப்பாத்தி அக்கா உடனே கடித்துவிட்டார்.

"பாத்தீங்களா, சுயக்கட்டுப்பாடு இல்ல" என்று நோட்டில் குறித்துக்கொண்டார் பயிற்சியாளர்.

"மொளகுக்கொடி வெச்சுட்டு நாலு வருசம் காத்திருக்கறவ நானுங்க. போன வருசம் நாத்து தாரேன்னு சொல்லிட்டுப் போன சாரு இன்னும் வரலீங்க. அதான் தின்னுட்டேன்."

பத்தாவது நிமிடம் கீழே இறங்கும் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. பயிற்சியாளர் மிட்டாய்ப் பையோடு ஓடி ஏறிவிட்டார்.

முன்னேறப்போகிற பதினோரு பேர் மிட்டாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறோம். இனி தின்னலாமா என்று அந்த ஆய்வைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.