சாவி யாரிடம் இருந்தது

மாணிக்கம் எனக்குத் தொலைபேசி எடுப்பவர் அல்லர். தொழிற்சங்கக்காரரான அவர் ஆயுள் முழுவதும் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசியவர். என் கணவர், சட்டத்தரணி கதிர்வேல், தோட்ட நிர்வாகங்களுக்காகப் பேசியவர். ஹட்டன் தொழில் நியாய சபையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்தே இருவரும் கிழவர்கள் ஆனார்கள். அன்று காலை அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் மாணிக்கத்தின் குரல் வந்தது.

“அம்மா, வீட்டுல பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“ஏன்? என்ன விஷயம்?”

“யாரையாச்சும் கூப்பிட்டு வச்சுக்கங்கம்மா. பொறகு பேசுறேன்.”

நான் கொன்வென்ட்டில் படித்தவள். சுற்றி வளைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. “மிஸ்டர் மாணிக்கம், அவர் இருக்காரா, இல்லையா?” என்று கேட்டேன். மறுமுனையில் அந்த மனிதர் அழத் தொடங்கினார். வாதம் செய்ய எழுந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாராம். தண்ணீர் கொடுத்தது மாணிக்கம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. “இனி நான் யாரோடம்மா சண்ட போடுறது?” என்றார். அதன் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். என் காதில் நிற்பது அந்த ஒன்றுதான்.

இந்த நினைவு மலருக்காக என் மருமகன் எழுதிக்கொண்டு வந்த வாழ்க்கைக் குறிப்பில் ‘ஏழைப் பங்காளர்’ என்றிருந்தது. சிவப்புப் பேனாவால் வெட்டினேன். “எல்லா மலர்லயும் அப்படித்தானே மாமி போடுறாங்க” என்று அவர் முகம் வாடினார். என் கணவர் ஏழைப் பங்காளர் அல்லர். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் நியாயம் கேட்டு வந்தால், நிறுத்தியது சரி என்று நிறுவுவதே அவர் தொழில். அதில் அவர் வல்லவர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவருக்கு, தோட்டத்தை நடத்தும் துரைமாரின் வக்கீல் என்ற பொருளில், ‘தொரமாரு லோயர்’ என்று பெயர். அந்தத் தொழிலில்தான் இந்த வீடு எழுந்தது, எங்கள் பிள்ளைகள் படித்தார்கள், நான் நிமிர்ந்து நடந்தேன். “தொரையும் ஒரு கட்சிக்காரர்தான். அவர் பக்கத்தையும் ஒருத்தர் ஒழுங்கா எடுத்துச் சொன்னாத்தான் தீர்ப்பு தீர்ப்பா இருக்கும்” என்பார். அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் நான் எழுதப்போவதை வேறு விதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. “இடத்தைக் கண்ணால பாக்காம நான் எழும்பி நிக்க மாட்டேன்” என்பார். நிர்வாகம் அனுப்பும் அறிக்கையை வாசித்துவிட்டு அப்படியே மன்றுக்குப் போகிற வழக்கம் அவரிடம் கிடையாது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கங்காணியை மலையிலிருந்து தள்ளிவிட்டதாகச் சொல்லி ஒரு தொழிலாளியை நிறுத்தியிருந்தார்கள். சப்பாத்தும் கோட்டுமாக இவர் அந்த மலைக்கு ஏறிப் போயிருக்கிறார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கண்டுவிட்டார்கள்.

“அடியே, தொரமாரு லோயரு வர்றாரு! ஒரு கூடய மாட்டி விடுங்கடி!”

“வேணாம்டி, கொழுந்து நெறை கொறஞ்சா தனக்குத்தானே கேஸு போட்டுக்குவாரு!”

கங்காணி விழுந்த இடத்துக்கு வந்ததும் இவரும் சறுக்கி விழுந்தார். காற்சட்டையெல்லாம் சேறு, காலுறைக்குள் அட்டை. அந்தக் கோலத்திலேயே பங்களாவுக்குப் போய், “நானும் அதே எடத்துல விழுந்துட்டேன் சேர். என்னைத் தள்ளினது யாருன்னு சொல்லுங்க” என்று துரையிடம் கேட்டாராம். மறுவாரம் அந்தத் தொழிலாளி வேலைக்குத் திரும்பினார். காற்சட்டையைத் துவைத்தவள் நான். சேறு போகவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அவருடைய வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது சாவிக் கதை. எங்கள் வீட்டில் விருந்து உண்டவர்களில் அதை என் வாயால் கேட்காதவர்கள் குறைவு. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், அலுமாரியிலிருந்த, குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மா அடிக்கடி குறைந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண் தொழில் நியாய சபைக்கு வந்தார். இவர் எழுந்து மென்மையாகக் கேட்டார்.

“ஆயா, அலுமாரியப் பூட்டுறது யாரு?”

“நான்தாங்க.”

“சாவி யாருகிட்ட இருக்கும்?”

“எங்கிட்டதாங்க. எப்பவும் இடுப்புல சொருகியிருப்பேன்.”

“வேற யாருகிட்டயாச்சும் குடுத்தது உண்டா?”

“சாமி சத்தியமா ஒருத்தருகிட்டயும் குடுத்ததில்லீங்க!”

அவ்வளவுதான். இவர் உட்கார்ந்துவிட்டார். சாவியை யாருக்கும் கொடுக்காத அந்தப் பெண்ணின் பொறுப்பே அவரைத் திருடி ஆக்கியது. ஆயாவுக்காக வந்த மாணிக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார் என்று முடிப்பேன். மேசை முழுவதும் சிரிப்பு எழும்.

மரண வீட்டிலும் அதைச் சொன்னேன். கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் அவர் இருந்தார். கண்டியிலிருந்து வந்த இளம் சட்டத்தரணிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். “சேருடைய பழைய வழக்கு ஒண்ணு சொல்லுங்க அன்ரி” என்று ஒருவர் கேட்டார். அழுதுகொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய திறமையைப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். இடைவெளி விடவேண்டிய இடத்தில் விட்டு, குரலை மாற்றவேண்டிய இடத்தில் மாற்றி, ‘சாமி சத்தியமா’ என்பதை அந்தப் பெண்ணின் பேச்சிலேயே சொன்னேன். எனக்குப் பின்னால் பாயில் தோட்டத்துப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டத்தரணிகள் தேநீர் குடிக்க வெளியே போனதும் பாயிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். என் வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை, கையில் குடை.

“கும்பிடுறேம்மா.”

“இருங்க. எந்தத் தோட்டம்?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு, “நல்லா சொன்னீங்கம்மா. ஒரு சொல்லு மாறல. ஐயா அப்பிடியேதான் கேட்டாரு” என்றார்.

“அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா?”

“நான்தாங்கம்மா அந்த ஆயா. பாக்கியம்.”

அவர் முகத்தில் கேலியைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஆனா உங்க கதையில கடைசி இல்லம்மா” என்றார் அவர். “ஐயா உங்ககிட்ட சொல்லலையா?”

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் சொல்லக் கேட்டேன். தீர்ப்புக்குப் பிறகு ஒரு மழை நாளில், வேறு வழக்கு விஷயமாக அந்தத் தோட்டத்துக்குப் போன என் கணவர் பிள்ளைக் காம்பராவில் ஒதுங்கியிருக்கிறார். தோட்டத்து மருந்துக்காரர் அவருக்குத் தேநீர் கொடுக்கக் கோப்பை எடுக்க அந்த அலுமாரியைத் திறந்தார். திறந்தது தன்னுடைய மருந்து அலுமாரிச் சாவியால். இவர் கேட்டபோது, “இந்தத் தோட்டத்துல எல்லா அலுமாரிக்கும் ஒரே மாதிரிப் பூட்டுதான் சேர். எந்தச் சாவியும் எதையும் தெறக்கும்” என்று அவர் சிரித்தாராம். அந்தக் கோப்பையைத் தொடாமலே இவர் எழுந்து, மழையிலேயே பாக்கியத்தின் லயத்துக்கு நடந்திருக்கிறார்.

“உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்லயே நின்னாரு. ‘சாவி உங்ககிட்ட இருந்துச்சு, அதனால நீங்கதான்னு சொன்னேன். அந்தச் சாவி எல்லாருகிட்டயும் இருந்திருக்கு. நான் எடத்தப் பாக்காமப் பேசிட்டேன் ஆயா’ன்னாரு. எங்க வீட்டுக்காரர் கோவக்காரர்மா. ‘அப்ப அதப் போயி தொரைகிட்ட சொல்லுங்க லோயர் ஐயா, எங்கிட்ட என்னத்துக்கு’ன்னாரு. சொல்றேன்னுட்டு இறங்கிப் போனாரு.”

சொன்னாராம். “நீங்க ஆஜராகிறது எனக்கா, அந்த ஆயாவுக்கா?” என்று துரை கேட்டாராம். அவர் அந்த வழக்கைத் திருப்ப முயன்றதை மாணிக்கம் எனக்கு உறுதி செய்தார். நான் எதையும் ஒருவர் வாயால் மட்டும் ஏற்பவள் அல்லள். மறுநாளே அவரைக் கேட்டேன். “ஆமாம்மா. மேன்முறையீடு போட இன்னும் நாள் இருக்கான்னு எங்கிட்டயே வந்து கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஜெயிச்ச மனுசன் வந்து அப்பீலப் பத்திக் கேக்குறாரேன்னு. நாள் கடந்து போச்சு ஐயான்னேன். ஏன் கேட்டார்னு ரொம்பக் காலம் கழிச்சுத்தான் பாக்கியம் சொல்லித் தெரிஞ்சுச்சு.”

அந்த வழக்குக்கு அவர் இடம் பார்க்கப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். “ஆயா வழக்குத்தானே, அரை நாள் வேலை” என்று சொல்லிவிட்டு வழக்குக்கு முந்தின சனிக்கிழமை வீட்டிலேயே இருந்தார். பெரிய வழக்குகளுக்கு அட்டைக்கடி வாங்கியவர், சிறிய வழக்கு என்று ஒன்றை விட்டார். அந்த ஒன்றில் ஒருவருடைய பெயர் போய்விட்டது.

எனக்குத் தெரியாமல் போனது மற்றது. நான் விருந்தில் சாவிக் கதையைத் தொடங்கினால் அவர் மேசையை விட்டு எழுந்துவிடுவார். தண்ணீர் எடுக்க, யன்னல் சாத்த, நாயைக் கட்ட என்று ஏதாவது ஒரு சாக்கு. ஒரு முறை விருந்தினர் போன பிறகு, “அந்தக் கதைய விட்டுரேன்” என்றார். “உங்களுக்கு எப்பவுமே தன்னடக்கம்தான்” என்று செல்லமாகக் கடிந்தேன். மன்றில் யார் வாயையும் திறக்க வைத்தவருக்கு, சொந்த வீட்டில் வாய் திறக்க வழியில்லாமல் செய்தவள் நான். நான் அந்தக் கதையை அவ்வளவு ரசித்தேன். என் பெருமையை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் தண்ணீர் எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும், இங்கே மேசையில் நான் பாக்கியத்தை மறுபடியும் வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தேன். கடைசியாக, அவர் எழுந்து போக முடியாத இடத்தில் கிடத்தி வைத்துக்கொண்டும் அதையே செய்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. மழையில் நனைந்து ஒரு வாசலில் சொன்னதை, நோர்வூட் கடைவீதியில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கலாம். கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அந்தத் துரை ஓய்வு பெற்றுக் காலமானார். தோட்டம் வேறு கம்பனிக்குக் கை மாறியது. அதன் பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. தர்மம் எந்த இடத்தில் முடிந்து, கூச்சம் எந்த இடத்தில் தொடங்கியது என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை.

“உங்களுக்கு நான் என்ன செய்யணும்?” என்று பாக்கியத்திடம் கேட்டேன். ஏதோ கொடுத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எம் பேத்தி சோதனை எல்லாம் பாஸ் பண்ணிட்டாம்மா. அதே புள்ளக் காம்பராவுல வேலைக்குக் கேட்டிருக்கா. லயத்துல பேசுறாங்க, பால்மா களவெடுத்தவ பேத்திகிட்டயா புள்ளைகள விடுறதுன்னு. அந்தச் சாவி விஷயத்த ஐயா வாயால சொன்னாத்தான் நம்புவாங்க, ஒரு நாளைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன். அவரும் போயிட்டாரு. நீங்க காசு பணம் ஒண்ணும் தர வேணாம். இனிமே அந்தக் கதைய சொன்னீங்கன்னா, கடைசியையும் சேத்துச் சொல்லுங்க.”

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரை வீட்டுக்கு அழைத்தேன். மாணிக்கமும் வந்திருந்தார். என் மருமகனுக்கு இதில் சம்மதமில்லை. “மாமா பேருக்கு இது அழகா மாமி?” என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். எழுதியதை முழுவதும் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். என் கணவர் சறுக்கி விழுந்த இடத்தில் அவர் சிரித்தார். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஐயாவக் கெட்டவர்னு எழுதிரலையே?”

“இல்ல.”

“எம் பேரு போட்டிருக்கீங்கல்ல. தகப்பன் பேரும் சேத்துப் போடுங்கம்மா. எங்க லயத்துல ரெண்டு பாக்கியம் இருக்கோம். அந்தப் பாக்கியம் வாய்க்காரி. சும்மா கெடந்த எம் பேர எதுக்கு இழுத்தேன்னு உங்க வாசலுக்கே வந்துருவா.”

மாணிக்கம் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், என் கணவர் போன பிறகு முதல் தடவையாக.

என் கணவரை அறிந்தவர்களே, அவருடைய சட்டப் புத்தகங்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், கோட்டை மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் பாதியில் விட்டுப்போன ஒரு வேலை. என்னிடம் சாவிக் கதை கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் இதையும் கேளுங்கள். நோர்வூட் மேல் டிவிசன் முத்தையாவின் மகள் பாக்கியம் பால்மா எடுத்ததாகச் சொல்ல என் கணவரிடம் இருந்த ஒரே சான்று அந்தச் சாவி. அது சான்றே அல்ல என்பதை அவர் தம் கண்ணால் பார்த்தார். பாக்கியத்தின் வாசலில் நின்று அதைச் சொன்னார். உங்களிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.