வெள்ளிக்கிழமை விழுகிறவர்கள்

ஜெபத்தில் விழுகிற பெண்களைத் தலை தரையில் படாமல் பிடிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, இடுப்பு வலி மட்டும் தாராளமாக உண்டு. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் சபை இருக்கிறது. தகரக் கூரை. ஆறு மின்விசிறி, அதில் நான்குதான் சுற்றும். வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு உபவாச ஜெபம் ஆரம்பித்தால், பன்னிரண்டு மணி வாக்கில் விடுதலை ஜெபத்துக்கு வந்து சேரும். பிசாசு பிடித்திருக்கிறது என்று வீட்டார் கூட்டிக்கொண்டு வருகிற பெண்களை முன்னால் நிறுத்துவார்கள். பாஸ்டர் அவர்கள் தலையில் கை வைப்பார். அவர் முன்னால், நான் பின்னால். என்னைப் போல வேறு சபைகளில், விழுந்தவர்களை மூடச் சால்வையும் கையுமாக நிற்கிற சகோதரிகளே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும்.

வளையலைக் கழற்றுங்கள்

முதல் நாள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஸ்டெல்லா அக்கா எனக்கு முன்பே பல வருஷமாகப் பிடிக்கிறவள். வளையலைப் பார்த்தாள். பட்டுத் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள் போல.

முதலில் விழுந்தது கயத்தாறிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். ஆள் நல்ல கனம். விழப்போகிறவர்களுக்கு ஒரு அடையாளம் உண்டு, குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பும். அது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தோம். வளையல் அத்தனையும் நொறுங்கிவிட்டது. அந்த அம்மாள் என் மடியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். கண்ணில் ஈ உட்கார்ந்தது, இமைக்கவில்லை. மேலே தகரம் கொதிக்கிறது, அவள் உடம்போ மீன் பெட்டி ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவள் கனம் என் கால்மேல் இருந்ததால் ஓட முடியவில்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தவள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பிசாசு ஒண்ணுஞ் செய்யலளா. நீ பிடிச்ச பிடியிலதான் எனக்கு இடுப்பு போச்சு.”

பெயர் கேட்கிற நேரம்

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. பிசாசை விரட்டுவதற்கு முன்னால் பாஸ்டர் அதனிடம் பெயர் கேட்பார். மைக்கை அந்தப் பெண்ணின் வாய்க்கு நேராகப் பிடித்து, “நீ யாரு? பேரைச் சொல்லு!” என்பார். சில நேரம் உறுமல்தான் வரும். பல நேரம் ஒரு பெயர் வரும். எப்போதும் அகாலமாய்ச் செத்த ஒருவருடைய பெயர்தான். தூக்குப் போட்டவன், லாரியில் அடிபட்டவன், சங்கு குளிக்கப் போய் மேலே வராதவன். பேசுகிறவள் அவனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். வாசலில் இரண்டு ஸ்பீக்கர் தெருவைப் பார்த்துக் கட்டியிருப்பதால், உள்ளே சொல்லுகிற பெயர் டீக்கடை வரைக்கும் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணின் வாயிலிருந்து கனத்த ஆண் குரலில் “செல்வின்” என்று வந்தது. எதிரே டீக்கடை நடத்துகிற அம்மாளின் மகன் பெயர் அது. பைபாஸில் பைக்கோடு போய்ச் சேர்ந்தவன். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு அந்த அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள். வேறு சபைக்காரி, அதுவரை எங்கள் வாசலை மிதித்தவள் இல்லை. பாஸ்டர், “வெளியே போ” என்று கட்டளையிடக் கையை உயர்த்தினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்:

“அய்யா, வெரட்டுததுக்கு முன்னால, அவன் சாப்ட்டானான்னு ஒரு வார்த்த கேளுங்க.”

என் வீட்டு விஷயம்

இதை ஏன் சொல்கிறேன் என்று இப்போது சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரர் இன்னாசி, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணியில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தோணி நடுக்கடலில் மூழ்கியது. எட்டுப் பேரில் ஏழு பேரை அந்த வழியாகப் போன ஒரு கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. இவரைக் காணவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நான் தாலியைக் கழற்றவில்லை.

அதன் பிறகுதான் நான் பிடிக்கிற வேலைக்கே போனேன். ஊழிய வாஞ்சை என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மை வேறே. செத்தவர்களுடைய பெயர் அந்த மைக்கில் வருகிறது என்றால், ஒருநாள் அவர் பெயரும் வரலாம். வந்தால் எனக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். வராத ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அவர் இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருக்கிறார் என்று மனதில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இதில் இன்னொரு சிக்கல். நான் பிறந்தது நாசரேத்துப் பக்கம், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் குடும்பம். நாங்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர் வீட்டார் கடற்கரைக் கத்தோலிக்கர், இறந்தவர்களுக்குப் பூசை வைப்பார்கள். நான் “அவரைக் காப்பாற்றும் ஆண்டவரே” என்று ஜெபித்தால் அவர் உயிரோடு இருக்க வேண்டும். பூசைக்கு ஒப்புக்கொண்டால் அவர் செத்திருக்க வேண்டும். எதற்கும் துணியாமல், இரண்டு வருஷமாக அவர் பெயரைச் சொல்லி நான் ஜெபிக்கவே இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜெபித்தேன். என் மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டார்:

“இருக்காம்னா கூப்புடு, போயிட்டாம்னா பூச வையி. ரெண்டுமில்லாம எம்மவன நடுக்கடல்ல நிப்பாட்டி வச்சிருக்கியேளா.”

பதில் பேசக் கூடாது

பிசாசு பேசினால் பாஸ்டர் மட்டும்தான் பதில் பேச வேண்டும். பிடிக்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஸ்டெல்லா அக்கா எனக்குச் சொல்லித்தந்த ஒரே சட்டம் இதுதான். ஆறுமுகநேரியிலிருந்து உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி வந்திருந்தாள். அவளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தேன். பாஸ்டர் அடுத்தவளிடம் போயிருந்த நேரம் பார்த்து, அவள் தலையைத் திருப்பாமல், என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, “யாரத் தேடி வந்த நீ?” என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தடவை சிரித்துவிட்டு அப்படியே துவண்டுபோனாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. தெளிந்த பிறகு அவள் சாதாரண மனுஷி, ரொம்ப நல்ல மாதிரி. சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“யக்கா, ஒரு செம்பு தண்ணி தாங்க. உப்பளத்துல இருந்தாக்கூட வாயி இப்பிடிக் கரிக்காது.”

உடன்குடிக்காரி

போன மாதம் உடன்குடியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். கருப்பட்டி வியாபாரம் செய்கிற வீட்டு மருமகள், ஒல்லிக் குச்சி. சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, மத்தியானத்தில் வாசலில் போய் நின்றுகொண்டு கடல் இருக்கிற திசையையே பார்க்கிறாள் என்று புருஷன் சொன்னான். பாஸ்டர் கை வைத்ததும் குதிகால் எழும்பியது. பிடித்துக்கொண்டேன். மைக் வந்தது.

“நீ யாரு?”

“இன்னாசி.”

இந்தக் கடற்கரையில் இன்னாசி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸ்டர், “எங்கிருந்து வந்தாய்?” என்றார். “தோணியில இருந்து” என்றது குரல். தோணி மூழ்கியது பேப்பரில் வந்த சமாச்சாரம், யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அதையும் சொல்லிக்கொண்டேன். அப்போது அவள் தலை மைக்கை விட்டு விலகி, மெதுவாகப் பின்னால் சாய்ந்து, என் தோளில் வந்து படிந்தது. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“ஊருக்கெல்லாம் செபிக்கியே. எம்பேரச் சொல்லி ஒருநாளு செபிச்சியாளா?”

சட்டம் கிட்டம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. “எங்க இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைத் தொடர்ந்து மைக்கும் வந்துவிட்டதால் என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அவள் வாய் திறந்தது. பதில் சொல்லத்தான் திறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் பாஸ்டர் பயந்துபோய், மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “பொய்யின் ஆவியே, வெளியே போ!” என்று கத்திவிட்டார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று “போ! போ!” என்று முழங்கியது. நானும் இத்தனை நாள் அவர்களோடு சேர்ந்து தொண்டை கிழிய அப்படிக் கத்தியவள்தான். அன்று என் வாயில் அந்த ஒற்றை எழுத்து வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் நான் எப்படிப் போ என்று சொல்வேன்? அந்த உதடுகள் ஏதோ சொல்லி முடித்தன. சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

பிறகு அவள் உடம்பு லேசானது. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். என் கை மட்டும் அவள் தோளை விட்டு வரவில்லை. வேண்டுமென்று பிடிக்கவில்லை, விரல் விறைத்துப்போயிருந்தது. ஸ்டெல்லா அக்கா வந்து, அழுதுகொண்டே, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். இரண்டு விரல் பாக்கி இருக்கும்போது உடன்குடிப் பெண் கண் திறந்து தன் புருஷனைக் கூப்பிட்டாள்:

“ஏங்க, பிசாசு வுட்டுட்டு. இந்த யக்காதான் இன்னும் வுடமாட்டேங்காவ.”

பாஸ்டர் சொன்னது

கூட்டம் கலைந்ததும் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “சிஸ்டர், செத்தவங்க யாரும் அங்கன இங்கன அலையமாட்டாங்க. செத்தவங்க பேரைச் சொல்லி ஏமாத்துறதுதான் பிசாசு வேலை. அது சொன்னது அத்தனையும் பொய்” என்றார். பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டதுதான். அன்றுதான் எனக்கு அது மனதில் இறங்கியது. செத்துப்போன இன்னாசி நான் என்று அது சொல்லிற்று. அது பொய் என்றால் என்ன அர்த்தம்? பாஸ்டர் அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார், பாவம்.

ஆனால் அது சொன்னதில் ஒன்று பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மாமியார் மெழுகுதிரி ஏற்றி ஜெபமாலையை எடுத்தபோது, நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் செய்யாத காரியம். அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். காப்பாற்றும் என்றும் சொல்லவில்லை, இளைப்பாற்றும் என்றும் சொல்லவில்லை. பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். மாமியார் என் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“இருக்கான்னு சொல்லுதியா, போயிட்டான்னு சொல்லுதியாளா?”

பிசாசு சொல்வதெல்லாம் பொய் என்று எங்கள் சபையில் எல்லாரும்தான் விசுவாசிக்கிறார்கள், ஆனால் அதை என் அளவுக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு விசுவாசிக்கிறவள் அங்கே வேறொருத்தி கிடையாது.