எல்லையம்மாவின் சொந்த ஊர்

நெமிலிச்சேரியில் எங்கள் நிலத்தை ஃபிளாட் கட்ட விற்றபோது, ஒரு மூலையை மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. அங்கேதான் எங்கள் குலதெய்வம் எல்லையம்மா இருந்தாள். இடுப்புயரக் கல். காலங்காலமாகப் பூசிய எண்ணெயும் மஞ்சளும் கறுத்துத் தடித்து, அம்மன் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருப்பாள். ஆடி மாதம் பொங்கல் வைப்போம்.

அந்த ஆடியில் அத்தை தொட்டில் கட்ட வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருடம், குழந்தை இல்லை. போகாத டாக்டர் இல்லை. வருடா வருடம் எல்லையம்மாவிடம் அழுதுவிட்டுப் போவாள். இந்த முறையாவது அம்மன் பளிச்சென்று இருக்கட்டும் என்று அப்பா சீயக்காயும் கம்பி நாருமாகத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, ஐயோ, எழுத்து வந்தது. இங்கிலீஷ் எழுத்து!

"இங்கிலீஷ் மீடியமாச்சே, படி கண்ணு" என்றார் என்னிடம். அஞ்சாங்கிளாஸ்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன். மேரி. லட்லோவில் பிறந்தவள். இங்கே காய்ச்சலில் இறந்தாள். வயது மூன்று.

சித்தப்பா அந்த ஊர்ப் பெயரைப் போனில் தேடினார். "இங்கிலாந்துல கீதுண்ணா. சந்தை ஊராம். பழைய கோட்டை, பெரிய சர்ச்சு... இன்னிக்கும் சந்தை கூடுதாம், நம்ம பூந்தமல்லி கணக்கா." படத்தை நீட்டினார். யார் பார்த்தார்கள்!

அப்பா கையிலிருந்து நார் விழுந்தது. "அடக் கடவுளே! வெள்ளைக்காரன் சமாதிக்கா இத்தினி நாளா கோயி அறுத்துகினு இருந்தோம்?"

பானையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மா நின்றாள். பொங்கல் வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பரீட்சைக்குப் பரீட்சை நான் கும்பிட்டது ஒரு செத்துப்போன பாப்பாவையா!

அத்தை என் பக்கம் குனிந்தாள். "எத்தினி வயசுன்னு போட்டுக்கீது, கண்ணு?"

"மூணு, அத்தே."

அத்தை அப்படியே கல்லருகே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கொயந்த கைலயா இத்தினி வருசமா கொயந்த கேட்டுகினு இருந்தேன்?" என்றாள். ஈரக் கல்லை முந்தானையால் துடைத்தாள். தொட்டில் கட்டக் கொண்டுவந்த மஞ்சள் துணியை அதன்மேல் போர்த்தினாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்துபோனேன். துணியை விலக்கி, முதல் வரியிலிருந்து, இன்னும் சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கினேன்.