நடுங்கியது என் கை இல்லை

சுட்டு முடித்த பிறகும் அந்த ஏர் ரைஃபிளுக்குள் ஸ்பிரிங் 'டொய்ங்ங்...' என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். துப்பாக்கிக் கட்டையில் பதிந்த கன்னத்து எலும்பு வழியாக அந்த அதிர்வு பல்வரைக்கும் வரும். கூடவே கருகிய கிரீஸ் வாசனை...

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாகுமென்டேஷன் வேலை. வாரக் கடைசியில் ரைஃபிள் கிளப். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம், அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அதற்கு முந்தைய வருடம் ஹார்பர் ரோட்டில் உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய் ஸ்கூட்டியோடு விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். பல மாதம் கழித்து டாக்டர், "இனி எந்த வேலைன்னாலும் செய்யலாம்மா" என்றார். நான் நேராகப் போனது கிளப்புக்குத்தான்.

முன்பு நான் சுட்டுவந்த கிளப் துப்பாக்கி அதற்குள் பழுதாகியிருந்தது. புதிதாகச் சொந்தத்தில் ஒன்று வாங்கினேன். அதில் சுட்டால் குண்டுகள் காகிதம் முழுக்கச் சிதறின. ஒன்று வட்டத்துக்குள், ஒன்று மூலையில்.

பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இங்க பாரும்மா ஜெனி, கை நடுங்குது. பிளேட் வச்ச கை இனிமே சரிப்படாது. பேசாம ஸ்கோர் எழுதுத மேசைல உக்காந்துக்கோ. மாவட்ட டீமுக்கு வேற பிள்ளையப் பாத்துக்கிடுதேன்."

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால்... பாதி நம்பியும் விட்டேன்.

என் அண்ணன் டேனியல் போட் எஞ்சின் வொர்க் ஷாப்பில் வேலை பார்த்தான். முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை எங்கள் வீடு நீளமாக இருக்கும். கடைசியில் மணல் நிரப்பிய பெட்டியை வைத்து, அதில் காகிதத்தை ஒட்டினேன். "நான் சுடும்போது என் கைய ஸ்லோ மோஷன்ல எடுண்ணே" என்று போனைக் கொடுத்தேன்.

இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். டிரிகர் விழும் வரை கை கல் மாதிரி நின்றது. ஸ்பிரிங் பாய்ந்த பிறகுதான், குண்டு குழலுக்குள் இருக்கும்போதே, துப்பாக்கி உதறியது.

"கை அசையவே இல்லையே ஏளா!" என்றான்.

"இப்ப நீ சுடு."

அவனுடைய குண்டுகளும் சிதறின. "காத்துல போயிருக்கும்" என்றான்.

"கதவெல்லாம் சாத்தியிருக்குண்ணே."

கோளாறு துப்பாக்கிக்குள்தான். அன்றைக்கே உள்பாகங்களை மாற்ற டியூனிங் கிட் தேட ஆரம்பித்தோம். ஸ்பிரிங், பிஸ்டன் சீல், ஸ்பிரிங்குக்கு நடுவில் நிற்கும் கைடு என்கிற தண்டு, கிரீஸ் எல்லாம் சேர்ந்த செட். எங்கள் துப்பாக்கிக்குப் பொருந்துவது இரண்டுதான். ஒன்று தடித்த ஸ்பிரிங், வேகத்துக்கு. இன்னொன்று மெல்லிசு. ஆனால் அதன் கைடு ஸ்பிரிங்கை ஆடவிடாமல் இறுக்கிப் பிடிக்கும்.

அண்ணன் தடித்ததில் விரலை வைத்தான். "இதப் போடு. வேகமாப் போனா நேராப் போவும்லா."

கிளப்பிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். விற்பவரும், "மேடம், எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க" என்றார்.

"இது போட் எஞ்சின் இல்லண்ணே. காகிதத்துல ஓட்ட போட வேகம் எதுக்கு? இப்ப உள்ள ஸ்பிரிங்கே இந்த உதறு உதறுது... இதவிடத் தடிச்சதப் போட்டா?"

"பொறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன்."

மெல்லிசானதையே வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தோம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் கை தவறினால் மூஞ்சைப் பெயர்த்துவிடும். அதனால் அண்ணன் ஆசாரி கிளாம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் துப்பாக்கியை மாட்டி, மெதுவாகத் தளர்த்தினான். வெளியே வந்த பழைய ஸ்பிரிங் லேசாக வளைந்திருந்தது. அதன் கைடு உள்ளே கடகடவென்று ஆடியது. அண்ணன் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

புது ஸ்பிரிங்கை அழுத்தி ஏற்றும்போது கிளாம்பை இடது கையால் நான்தான் திருகினேன். அவன் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

முதல் குண்டு... 'டப்'. அவ்வளவுதான் சத்தம். அந்த 'டொய்ங்' இல்லை. ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடும் அளவுக்குள். அண்ணன் காகிதத்தைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏளா... நீ சொன்னதுதாம்ளா சரி" என்றான்.

அடுத்த வாரம் டீம் தேர்வு. என் பெயர் பட்டியலில் இல்லை. "நானும் சுடுவேன். ஸ்கோர் வரலன்னா நானே போயி அந்த மேசைல உக்காந்துக்கிடுதேன்" என்று போய் நின்றேன். பெண்கள் பிரிவில் நான்கு பேர், இரண்டு இடம். நான் இரண்டாவதாக வந்தேன்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "பரவால்லியே, கைக்கு மருந்து ஏதும் சாப்ட்டியோ?" என்றார்.

"மருந்து துப்பாக்கிக்குத்தான் சார். கை அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லார் முன்னாலயும்தான நடுங்குதுன்னு சொன்னீங்க... இப்ப எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. குனிந்து என் பெயரைப் பட்டியலில் எழுதினார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

வெளியூர்ப் போட்டியில் பதக்கம் ஒன்றும் வாங்கவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு இடம். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இப்போது கிளப்பில் காற்றுச் சிலிண்டர் வைத்த ரைஃபிள்கள் வந்துவிட்டன. உதறலே கிடையாது, யாரும் துப்பாக்கியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. வரிசையில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அண்ணன் மாலத்தீவில் படகு பழுது பார்க்கிறான். அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அப்புறம் அமையவே இல்லை...

மழைக்காலம் வந்தால் மணிக்கட்டில் பிளேட் இருக்கிற இடம் வலிக்கிறது. விரல் கொஞ்சம் நடுங்கவும் செய்கிறது. "இன்னும் எதுக்குக்கா?" என்று ஆபீசில் கேட்கிறார்கள். ஆனாலும் சனிக்கிழமை போய்விடுவேன்.

இப்போது குண்டு சிதறினால் அது என் கைதான். யார் கேட்டாலும் நானே ஒத்துக்கொள்வேன்.

ஆனால் அன்றைக்கு அது என் கை இல்லை.