இல்மாவின் இடதுகைத் துப்பாக்கி

கடையில் ஒரு பொருள் நல்லதாகத் தயாராக இருக்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்கி வருவது ரெய்னோ காங்கஸுக்கு மானக்கேடு. அவன் வீட்டுப் பனி தள்ளும் இயந்திரம், செத்துப்போன இரண்டு இயந்திரங்களைக் கலந்து பிறந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி வேறு எதனுடையதோ. மேலே ஒரு செங்கல்லை வைத்தால்தான் சுற்றும். கொட்டகையில் கிடக்கும் படகைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதே இல்லை. இத்தனையையும் பொறுத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவள் இல்மா. ஆனால் தன் துப்பாக்கியிலும் அவன் கைவைப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

இல்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அந்த ஊரில் இன்று மீசை முளைத்துத் திரிகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். அந்தக் கை இடது கை. குழம்பு ஊற்றும் பெரிய கரண்டியின் மூக்கு வலது கைக்காரர்களுக்காக ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அவள் மணிக்கட்டைத் திருகித் திருகி ஊற்றியே காலம் தள்ளினாள். டப்பா திறக்கும் கருவி, கத்தரிக்கோல், எல்லாம் அப்படித்தான். அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டாள். துப்பாக்கியை மட்டும் விட முடியவில்லை.

ஏனென்றால் அந்த வீட்டில் குறிதவறாமல் சுடுகிறவள் அவள்தான். ரெய்னோவுக்குக் காட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். குளிர்காலம் முழுக்க உறைபெட்டியில் இருக்கும் மான்கறி இல்மாவின் சம்பாத்தியம். அவள் சுட்டுக்கொண்டிருந்ததோ அண்ணன் ஆர்விட்டின் பழைய துப்பாக்கி. சிறுவயதில் அண்ணன் போட்ட கோட்டு, அண்ணன் ஓட்டிய சைக்கிள். பிறகு, அவன் புதிதாக ஒன்று வாங்கியதும், அண்ணன் சுட்ட துப்பாக்கி. வலது கைக்காரனுக்கான துப்பாக்கி. ஒரு முறை சுட்டுவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டுமானால், விசையிலிருந்து இடது கையை எடுத்து, குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு மேலாகத் தாண்டி, வலது பக்கம் இருக்கும் போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். முதன்முதலில் அவள் இதைச் சொல்லிச் சிணுங்கியபோது ஆர்விட் சொன்னது ஒரே வார்த்தை: "பழகிரும்." அதற்குப் பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான், கூப்பிடு தூரத்தில், பக்கவாட்டில் வந்து நின்றது. முதல் குண்டு ஒரு கிளையில் பட்டுத் தெறித்தது. மான் ஓடவில்லை, எங்கிருந்து சத்தம் வந்தது என்று தெரியாமல் அப்படியே திகைத்து நின்றது. இன்னொரு குண்டுக்கு நேரம் இருந்தது. இல்மா கையைத் தாண்டிக் கொண்டுபோய், ஸ்கோப்பில் விரல்முட்டியை இடித்துக்கொண்டு, போல்ட்டை இழுத்து முடிப்பதற்குள் மான் இருந்த இடத்தில் பனிதான் இருந்தது. அன்று வேட்டைக் குடிலில் ஆர்விட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்த வருஷம் உறைபெட்டியில் கடைக்கறிதான். இனிமேல் இடதுகைக்கென்றே செய்த துப்பாக்கி, அதுவும் தனக்கென்றே வாங்கியது, இல்லாவிட்டால் காட்டுக்கே போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

செப்டம்பரில் டுவேனின் துப்பாக்கிக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். டுவேனும் அவள் சோறு போட்டு வளர்த்த பையன்தான்.

"இல்மாக்கா, நீங்க கேட்டது வந்திருக்கு. இடதுகை. ஒருத்தர் ரெண்டு சீசன்தான் வச்சிருந்தாரு. ஸ்கோப்போட சேர்த்து நானூறு டாலர். உங்களுக்காக உள்ள எடுத்து வச்சிருக்கேன்."

இல்மா எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போய் உட்கார்ந்தது. தோளில் அணையும் பின்கட்டை கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதனால் என்ன. பணம் எடுக்கப் பையைத் திறந்தாள். கூடவே வந்த ரெய்னோ தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். படகும் அதே செருமலில்தான் தொடங்கியது.

"நானூறா? இதுக்கா? பாகம் பாகமா வாங்கிக் கோத்தா இதுல பாதிதான் ஆகும் இல்மா. அதுவும் உன் அளவுக்கே செஞ்சு தரேன்."

"ரெய்னோ, எனக்கு அளவு வேணாம். துப்பாக்கி வேணும்."

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் போனா நீயே வந்து இதை வாங்கிக்க."

ஏன் சம்மதித்தாள் என்று பிறகு தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள். கடையில், அவள் சோறு போட்ட பையன் முன்னால், புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அதன் பிறகு வீட்டில் சமையல் மேஜை கிடையாது. ரெய்னோவின் பட்டறைதான் உண்டு. குழலோடு சேர்ந்த நடுப்பாகம், நல்ல வேளையாக இடதுகை போல்ட்டோடு, எங்கோ செத்துப்போன ஒருவருடைய சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் கிடைத்தது. அதுவும் டுவேனின் கடை வழியாகத்தான் வர வேண்டும், சட்டம் அப்படி. டுவேன் கொடுக்கும்போது இல்மாவைப் பார்க்காமல் கொடுத்தான். ஸ்கோப்பைப் பொருத்தும் வளையங்கள் ஒரு முறை பெரியதாக வந்தன, மறுமுறை சிறியதாக வந்தன. கட்டை வந்தபோது அது வலதுகைக் கட்டை. "செதுக்கிட்டா போச்சு" என்றான் ரெய்னோ. அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து துடைப்பக்கட்டையை அவள் தோளில் வைத்து, "கன்னத்தைச் சாய், சாய், ஆடாதே" என்று பென்சிலால் கோடு போடுவான். ஒரு நாள் அவள் அந்தத் துடைப்பத்தாலேயே அவனை வாசல் வரை துரத்தினாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஒரு மாசம் போயிற்று. இல்மா கடைக்குப் போனாள். உள்ளே எடுத்து வைத்திருந்த துப்பாக்கி இல்லை.

"ரெய்னோ அண்ணன் வந்து, வேணாம், வித்துருன்னாரு அக்கா. போன வாரம்தான் பாலத்துக்கு அந்தப்பக்கத்து ஆள் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்."

பாலத்துக்கு அந்தப்பக்கத்து ஆள்! தெற்கே நகரத்திலிருந்து வருஷத்தில் ஒரு வாரம் வேட்டைக்கு வந்து, காட்டில் வழி தவறி, நம் ஆட்களே போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஜாதி. அவன் கையில் அவளுடைய துப்பாக்கி. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இல்மா ரெய்னோவுக்கு மட்டும் கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட நேற்றைய பேஸ்டியை, சூடு பண்ணாமல், தட்டில் வைத்தாள். அவனும் அதையே சாப்பிட்டு முடித்தான். இதுவரை எவ்வளவு செலவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்துவிட்டது.

நவம்பர் பிறந்து, செதுக்கலும் முடிந்து, கட்டைக்கு எண்ணெய் பூசுகிற கட்டம் வந்தது. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று விடாமல் அடித்தது. கட்டை நாட்கணக்காகப் பிசுபிசுவென்றே இருந்தது. செவ்வாய்க்கிழமை மான்வேட்டை சீசன் ஆரம்பம். பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை ரெய்னோவின் மூளையில் ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஊர் ஆட்கள் மண்டையில் மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை அது. இந்த வீட்டில் உலர்ந்த, இதமான, காற்று அடிக்காத இடம் எது? கொல்லைப்புறத்துச் சவுனா, அதாவது மரப்பலகை அடித்த ஆவிக்குளியல் அறை. கட்டையைப் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றி, சவுனாவின் மேல்தட்டுப் பலகையில், சூடு முதலில் போய்ச் சேரும் இடத்தில் படுக்க வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்கோப்பின் திருகாணி வாங்க ஹான்காக்குக்குக் கிளம்பிவிட்டான். மத்தியானத்துக்குள் திரும்பி எடுத்துவிடலாம் என்று கணக்கு. ஹான்காக்கில் திருகாணி வாங்கப் போனவன், உபயோகித்த பொருள் கடை ஒன்றைப் பார்த்துவிட்டான். மத்தியானம் அங்கேயே போயிற்று.

சவுனாவின் அடுப்பு வாய், உடை மாற்றும் வெளி அறையில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இல்மா வழக்கம்போலப் பூர்ச்ச மர விறகை வாய் நிறையத் திணித்து, மூட்டிவிட்டு, ரொட்டி சுடப் போய்விட்டாள். நன்றாகக் கனன்றதும் துண்டோடு போய் உள்கதவைத் திறந்தாள். எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. மேல்தட்டில் ஏதோ படுத்திருந்தது. விரிப்பை விலக்கிப் பார்த்தாள். பின்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

ரெய்னோ வண்டியை நிறுத்தி இறங்கும்போது, பனியில், துண்டோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்க, கையில் கட்டையோடு அவன் மனைவி நின்றாள்.

"ஐயோ, நீ ஏன் அடுப்பு மூட்டினே?" என்றான் அவன்.

"சனிக்கிழமைடா!" என்று கத்தினாள் இல்மா. "சனிக்கிழமை! கல்யாணம் ஆன நாள்லருந்து எந்தச் சனிக்கிழமை நான் மூட்டாம இருந்திருக்கேன்? பிரசவ வலியோட மூட்டியிருக்கேன்! உங்கம்மா செத்த சனிக்கிழமைகூட மூட்டினேன்!"

ரெய்னோ கையில் இருந்த திருகாணிப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஒண்ணு கேட்டேன் ரெய்னோ. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு சாமான், எனக்குன்னு. மத்தவங்க கைக்குச் செஞ்சது வேணாம்னு கேட்டேன். அதையும் அவிச்சுட்டே."

குரல் உடைந்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. கட்டையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். போனவள் குளித்துவிட்டுத்தான் வந்தாள். மூட்டிய சவுனாவை வீணாக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரெய்னோ கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பசை, இறுக்கிகள், கடைசியில் ஹாக்கி மட்டையில் சுற்றும் கறுப்புத் துணி நாடா. திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்ததும், "சரளைக்குழி வரைக்கும் வா, சுட்டுப் பாக்க மூணே குண்டு" என்றான். துப்பாக்கியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மெருகேறிய நல்ல மரம், அதன் பின்பாதியில் காலொடிந்தவன் கட்டுப் போட்ட மாதிரி கறுப்புச் சுற்று. இல்மா வாங்கித் தோளில் வைத்தாள்.

கன்னம் போய்ச் சரியாக உட்கார்ந்தது. கழுத்தை இழுக்க வேண்டியிருக்கவில்லை, தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. துடைப்பக்கட்டையில் போட்ட கோடெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது. டுவேனின் கடைத் துப்பாக்கிகூட இப்படிப் பொருந்தவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரத்தைக் கிளப்பியது. மனம் விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான் பாவி.

"எப்படி?" என்றான் ரெய்னோ.

"அசிங்கமா இருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஆறு கிளைக் கொம்போடு ஒன்று வந்தது. போன வருஷத்தைவிடச் சின்னது. முதல் குண்டு அதன் முதுகுக்கு மேலே போயிற்று. அவசரம், வேறொன்றும் இல்லை. மான் தலையைத் தூக்கித் திகைத்து நின்றது. இல்மா கன்னத்தை எடுக்கவில்லை. இடது கை போல்ட்டை இழுத்துத் தள்ளி விசைக்குத் திரும்பியது அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது குண்டுக்கு மான் இருந்த இடத்திலேயே சரிந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள்.

சாயங்காலம் வேட்டைக் குடிலில் எல்லாரும் காப்பிக் குவளையோடு அவள் துப்பாக்கியைச் சுற்றி நின்றார்கள். நாடாச் சுற்றைப் பார்த்து ஆர்விட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன ரெய்னோ, துப்பாக்கி வழுக்கி விழுந்திருச்சா? கோல்கீப்பரா நின்னுதா? குடு இப்படி, பார்ப்போம்."

இல்மா போல்ட்டை இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுக் கொடுத்தாள். ஆர்விட் தோளில் வைத்தான். கன்னம் உட்காரவில்லை, கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டினான். வலது கை போல்ட்டைத் தேடிப் போயிற்று. அங்கே வெறும் மரம்தான் இருந்தது. தடவினான். மறுபடியும் தடவினான்.

"என்ன எழவுடா இது! எல்லாம் தப்புப் பக்கத்துல இருக்கு. இதை வச்சு எவன் சுடுவான்?"

"கையை மேலாக்கக் கொண்டுபோ" என்றாள் இல்மா. "இன்னும். ஸ்கோப்பைத் தாண்டி. முட்டியை இடிச்சுக்காதே."

இடித்துக்கொண்டான். விரலை உதறினான்.

"பழகிரும்" என்றாள் அவள்.

"எங்க பழகறது? எத்தனை நாள்ல பழகும்?"

"தெரியல ஆர்விட். எனக்குப் பன்னிரண்டு வயசுல குடுத்தே. இன்னும் பழகல."

ஆர்விட் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, பதனமாக, அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

மூலையில் ரெய்னோ தொண்டையைச் செருமினான்.

"நீ பேசாதே" என்றாள் இல்மா.